நீல நூலில் நின்ற சுவெற்றர்

எனக்குப் பேத்தி பிறந்து ஒரு மாதமாகிறது. பார்க்க வருகிறவர்கள் குழந்தை யாரைப் போல என்று கேட்கிறார்கள். நானோ குழந்தையின் அம்மப்பாவைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னது போதாதென்று இப்போது எழுதுகிறேன்.

அவர் பெயர் தியாகலிங்கம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், வோபர்ன் பக்கம், எங்கள் வீட்டுக் கீழ்த்தள பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தார். கம்பளி நூல் வைக்கிற வெயார்ஹவுஸ் ஒன்றில் மூட்டை தூக்குவது வேலை. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் நிலாணி வன்னியில் அவருடைய தங்கையோடு இருந்தாள். அவளைக் கூப்பிட ஸ்பொன்சர் அலுவல் நடந்துகொண்டிருந்தது.

சிகரெட்டை விட்ட காலத்தில் அவருடைய கை சும்மா இருக்க மறுத்தது. கூட வேலை செய்த போத்துக்கீசப் பெண் ஒருத்தி இரண்டு ஊசியைக் கொடுத்துப் பின்னப் பழக்கினாள். அதன்பிறகு வெயார்ஹவுசில் மிஞ்சிய நூலெல்லாம் எங்கள் தலைகளில் தொப்பியாக வந்து இறங்கியது.

2009 மாசியில் வன்னியில் சண்டை இறுகியது. நிலாணியின் போன் நின்றுபோனது. அந்தக் கிழமையே தியாகலிங்கம் நாவல்பழ நிறத்தில் நல்ல ஆட்டுக்கம்பளி நூல் எடுத்து அவளுக்கு ஒரு சுவெற்றர் தொடங்கினார். ஆனால் அளவு தெரியாது. அவரிடமிருந்த பழைய படத்தில் நிலாணிக்கு முன்பல் விழுந்த வயது. அவள் வயதுக்காரன் என்று என் மகன் வாகீசனைப் பிடித்து நிறுத்தினார்.

“அங்கிள், நான் பாஸ்கெட்போல் ரீமிலை விளையாடுறவன். கேர்ள்ஸ் இந்த சைஸ் வரமாட்டினம்.”

“ஒரே வயசுதானே. கையைத் தூக்கடா.”

அந்த நாட்களில் யூனிவேர்சிற்றி அவெனியூவில், அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால், சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் திரண்டு நின்றது. வேலை முடிந்து நாங்களும் போவோம். தியாகலிங்கம் கோசம் போட்டுக் களைத்தால் நடைபாதையில் குந்திப் பின்னுவார். ஒருநாள் மழை. எங்கள் தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த தவமணி அக்கா மூக்கைச் சுழித்தார்.

“ஆர் இஞ்சை ஆட்டுக்கறி கொண்டு வந்தது?”

“கறி இல்லை அக்கா. நூல் நனைஞ்சா மணக்கும். ஆனா நனைஞ்சாலும் உது குளிரை உள்ளை விடாது.”

“வெள்ளிக்கிழமை விரதமும் பிடிச்சுக்கொண்டு ஆட்டைத் தொடுறீரே?”

“ஆட்டுக்கு ஒண்டும் நடக்கேல்லை அக்கா. சலூனுக்குப் போட்டு வந்த மாதிரித்தான்.”

அழுது வீங்கிய முகங்களோடு நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள்.

கழுத்தில் தொடங்கிய பின்னல் கீழ் விளிம்புக்கு வந்தது. கடைசி வரியின் வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று இழுத்து மூடவேண்டும். இல்லாவிட்டால் அவிழ்ந்துவிடும். அவர் மூடவில்லை. வளையங்களை ஒரு நீல நூலில் கோர்த்து அப்படியே விட்டார்.

“முடிச்சுவிடுமன்,” என்றேன்.

“அவள் போட்டு அளவா இருந்தாத்தான் அண்ணை முடிப்பன்.”

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். சனம் தெருவை விட்டு வீட்டுக்குப் போனது. நிலாணி இருக்கிறாளா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. தியாகலிங்கம் வேலைக்குப் போனார், வந்தார், சுவெற்றரை விரித்தார், மடித்தார்.

ஆவணியில் ஒரு காலை பேஸ்மென்றில் ஏதோ விழுந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். கதிரை சரிந்து கிடந்தது. அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அகதி முகாமிலிருந்து நிலாணி. அவருக்கு வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

“பிள்ளை, நீ இப்ப என்ன உயரம்?”

அடுத்த வருஷம் மார்கழியில் அவள் வந்து இறங்கினாள். முகாமில் மெலிந்த பிள்ளை. விமான நிலையத்திலேயே தியாகலிங்கம் சுவெற்றரை அவள் தலைக்கு மேலால் போட்டார். அது முழங்காலுக்கு வந்தது. கைகள் இரண்டும் எங்கேயோ உள்ளே போய்விட்டன. அவர் முகம் சுருங்கிப்போனது.

“கழட்டு பிள்ளை, அவிட்டுத் திருப்பிப் பின்னுறன்.”

“ஒருத்தரும் அவிழ்க்கக்கூடாது. உதுக்குள்ளை இன்னொராளுக்கும் இடம் இருக்கு அப்பா.”

“நான் அப்பவே சொன்னனான் அங்கிள்,” என்றான் வாகீசன்.

நிலாணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “ஓ, உம்மை வைச்சோ எனக்கு அளந்தது?”

இரண்டு பேருக்கும் கல்யாணப் பேச்சு எப்படித் தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

கல்யாணம் முடிந்து இருவரும் ரூஜ் பக்கம் வீடு வாங்கிப் போனபோதும் சுவெற்றர் கூடவே போனது. குளிர் வந்தால் நிலாணி அதைத்தான் மாட்டுவாள். நீல நூல் விளிம்பில் தொங்கும். தியாகலிங்கம் பார்த்துவிட்டு, “இன்னும் அளவில்லை,” என்பார்.

இந்தக் குளிருக்கு அவளுக்கு நிறைமாதம். எந்தக் கோட்டும் பூட்ட முடியவில்லை. ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு, புட்டுக் கோப்பையோடு வந்து நின்றாள். கம்பளி வயிற்றைச் சுற்றி அழகாக இழுத்துப் பிடித்திருந்தது. விளிம்பு சரியான இடத்தில் நின்றது.

தியாகலிங்கம் எழுந்தார். “அசையாதை.”

“அப்பா, சாப்பிடுறன்.”

“சாப்பிடு. அசையாமல் சாப்பிடு.”

கீழே குந்தி, அவளைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு வளையமாக மூடினார். கடைசியில் நீல நூலை உருவி எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். ஆஸ்பத்திரிக்கும் அவள் அதைப் போட்டுக்கொண்டுதான் போனாள்.

இப்போது பேத்திக்கு ஒன்று பின்னுகிறார். இந்த முறை வாகீசனைப் பிடித்து நிறுத்தவில்லை. ஆளையே மடியில் வைத்து அளக்கிறார்.