ஒரே ஒரு முறைக்கான கரண்ட்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கட்டிவிட்ட கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். பட்டப்பகலில், மத்தியானம் மூன்று மணிக்கு, நான் முழுசாக விழித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

நான் சப்ஸ்டேஷன் ஆபரேட்டர். எங்கள் ஸ்டேஷனிலிருந்து இரண்டு லைன் வெளியே போகிறது. எங்காவது கம்பி அறுந்து விழுந்தால், ரிலே என்ற பெட்டி கண் இமைக்கும் நேரத்தில் அதைக் கண்டுபிடித்து, பிரேக்கரைத் திறந்து கரண்டை நிறுத்திவிடும். சரி, அந்த ரிலேவுக்கும் சாப்பாடு வேண்டுமே? லைன் கரண்டை நம்ப முடியாது. பழுது வந்தால் முதலில் படுப்பது அதுதான். அதனால் ரிலேவுக்கென்று தனியாகப் பேட்டரி. ஐம்பத்தைந்து செல், ஒரு அறை முழுக்க.

அன்று பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியது மாட்டும் வேலை. இடைப்பட்ட நேரத்துக்கு வாடகைக்காவது ஒரு பேட்டரி வைக்க வேண்டும். எங்கள் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும் சார்'. "ரெண்டு மணி நேரம்தானேப்பா, சார்ஜர்லேர்ந்தே ரிலேவுக்குக் கரண்ட் வரும். ஆகட்டும்" என்றார். நான் முணுமுணுத்ததும் ஒரு கெப்பாசிட்டர் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அது கொஞ்சம் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு பிரேக்கரை ஒரே ஒரு முறை திறக்கத்தான் போதும். திரும்ப நிரம்ப இருபது நிமிடம் ஆகும்.

வெளியே நல்ல காற்று. லைனைப் பார்த்துவர என் மச்சான் வேனில் போயிருந்தார். மனைவியின் அண்ணன், லைன்மேன். எங்கள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்திவைத்தவர். "பேட்டரி இல்லாம உக்காந்திருக்கியே மாப்ள, என் தங்கச்சி சமையல் குடுக்கிற தெம்புல ஓட்டிடுவியா?" என்று கிண்டலடித்துவிட்டுத்தான் கிளம்பினார். அன்றைக்கு லைனில் போயிருந்த ஆள் அவர் ஒருவர்தான்.

2.48க்குச் சார்ஜர் 'படார்' என்றது. பேனலில் எல்லா விளக்கும் அணைந்தது. ஆகட்டும் சாரைக் கூப்பிட்டேன். "லைன்ல ஆஸ்பத்திரி இருக்கு, லைன நிறுத்திடாத. ஆள் அனுப்புறேன்." வைத்துவிட்டார்.

இனி கம்பி அறுந்தால் ரிலேவுக்குத் தெரியாது. நானாகப் பார்த்து நிறுத்த வேண்டும். அதுவும் ஒரே முறை. கெப்பாசிட்டர் பெட்டியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

2.57. பேட்டரி அறையில் சத்தம். டக்... டக்... யாரோ செல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல. போய்ப் பார்த்தேன். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். காலி அறை.

3.02. இரண்டாம் லைனின் பச்சை விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது. அதற்குக் கரண்ட் எங்கிருந்து வரும்? தொட்டேன். சில்லென்று இருந்தது.

3.05. மேசை போன் அடித்தது.

"தம்பி... ரெண்டாம் நம்பர ஆஃப் பண்ணு..."

ஒரே கரகரப்பு. காற்று.

"மச்சான்?"

"சுடுது தம்பி... ஆஃப் பண்ணு..."

பேரைக் கேட்க வேண்டும். லைன் நம்பரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் கை வைக்க வேண்டும். இது எங்கள் வேலையின் முதல் பாடம். நான் எதையும் செய்யவில்லை. பெட்டியை இரண்டாம் லைனுக்கு மாட்டி அழுத்தினேன். வெளியே, பிரேக்கர்கள் நிற்கும் யார்டில் 'டமால்'. பிரேக்கர் திறந்தது.

போனில் நீளமாக ஒரு மூச்சு.

"அப்பாடா..."

கட்.

அப்போதுதான் உறைத்தது. மச்சான் என்னை ஒரு நாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை...

3.09. மறுபடி போன்.

"மாப்ள! ஒண்ணாம் நம்பர் கம்பி அறுந்து வேன் மேல கெடக்கு. ஆஃப் பண்ணு!"

"எறங்காதீங்க மச்சான்! உள்ளயே இருங்க!"

"தெரியும்டா. டயர் எரியுது. சீக்கிரம்!"

பெட்டியின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. ஒன்றாம் லைனுக்கு மாற்றி அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி. மறுபடி.

யார்டுக்கு ஓடினேன். பிரேக்கரில் கையால் திறக்கும் லிவர் உண்டு. துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. தொங்கிப் பார்த்தேன். கல்லால் அடித்தேன். ஐயோ, அசையவே இல்லை.

3.12. திரும்ப ஓடிவந்து, வைக்காமல் விட்டிருந்த போனை எடுத்தேன். இருமல் சத்தம்.

"என்னடா பண்ற மாப்ள..."

"முடியல மச்சான்..."

"ஒரே பொகை. குதிக்கிறேன்."

"ரெண்டு காலையும் சேர்த்துக் குதிங்க, ஒரு கைகூட வேன்ல படாம..."

ஒரு சத்தம்.

அவ்வளவுதான்.

3.14க்கு, எங்களுக்குக் கரண்ட் அனுப்பும் பெரிய ஸ்டேஷனில் பழுதைத் தாமதமாகக் கண்டு மொத்தமாக நிறுத்தினார்கள்.

நான்காம் நாள் விசாரணை. அன்று மத்தியானம் ஸ்டேஷனுக்கு வந்தது ஒரே ஒரு அழைப்பு, 3.09க்கு, என்று போன் கம்பெனிக் கணக்கு சொன்னது. இரண்டாம் லைனில் எந்தப் பழுதும் இல்லை. "பின்னே அத ஏன் நிறுத்துன?" என்று கேட்டார்கள். 

விசாரணை முடிந்ததும் ஸ்டோர்க்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். எங்கள் ஸ்டேஷனின் பதினொரு வருடத்துக்கு முந்தைய ஆபரேட்டர் ரிஜிஸ்டர் ஒன்றைப் பிரித்து வைத்தார். எனக்குத் தெரியாத யாரோ ஒருவரின் கையெழுத்து.

'பேட்டரி மாற்றும் வேலை. 3.05: இரண்டாம் லைனை நிறுத்தும்படி கம்பத்திலிருந்து லைன்மேன் போன். ரிலேவுக்குக் கரண்ட் இல்லை. நிறுத்த இயலவில்லை. பலமுறை கெஞ்சினார். லைன்மேன் இறந்தார்.'

அந்த மனுஷன் பதினொரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் கிடைத்துவிட்டது. என் மச்சானுக்கு வைத்திருந்ததை எடுத்து நான்தான் கொடுத்தேன்.

என் மனைவி சண்டை போடவில்லை, அழுது தீர்த்துவிட்டாள். இப்போதும் சோறு போடும்போது திடீரென்று கேட்கிறாள்.

"எங்கண்ணன் கூப்பிட்டப்போ நீங்க ஏங்க ஆஃப் பண்ணல?"

 இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்கிறேன்.