கைப்பக்குவம் கெட்ட வருஷம்

அந்தத் தொழிற்சாலைக் கேண்டீனில் அக்கா என்றால் ஒரே அக்காதான். மூன்று ஷிஃப்டு ஆட்களும் அவள் சமையலைத்தான் சாப்பிட்டார்கள். பெரிய அண்டாவுக்கு உப்புப் போட அவளுக்குக் கரண்டி வேண்டாம், கணக்கு வேண்டாம். டப்பாவுக்குள் கையை விடுவாள், அள்ளுவாள், சுற்றித் தூவுவாள், ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். முடிந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

அந்தக் கைக்குத்தான் கேடு வந்தது. முதலில் பேக்கிங் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, பருப்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். நாக்கில் புண் இருக்கும், போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். அடுத்த வாரம் பாதிப் பேர் சூப்பை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள், அக்காவின் உப்பை நாங்கள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து நினைக்கிறோம் என்று ஒருவன் சொல்ல, வரிசையே சிரித்தது. ரொட்டி சுடும் பெரியவர் அவளோடு ஒரே அடுப்படியில் வெந்தவர். அவரும் தயங்கித் தயங்கி அதையே சொன்னார். எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு வந்ததாக அவளுக்குத் தோன்றியது. பின்னே? அவள் நாக்குக்கு அந்தச் சூப் சப்பென்றல்லவா இருந்தது! இன்னும் அரைப் பிடி போட்டிருக்கலாம் என்றுதான் தினமும் மனசு அடித்துக்கொண்டது.

தொல்லை உப்போடு நின்றதா? காலையில் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாக இருந்தது. குனிந்து நிமிர்ந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சட்டை தொளதொளத்தது. சோறு இறங்கவில்லை, ஊறுகாயை மட்டும் விரலால் வழித்து வழித்துத் தின்றாள். முகமும் கையும் கறுத்துக்கொண்டே போயின. நாத்தனார் பார்த்துவிட்டு, அடுப்பு வெக்கைதான், இதைப் பூசு என்று ஒரு கிரீமைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு மருத்துவர் ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதினார். இன்னொருவர், இந்த வயசில் பெண்களுக்கு இப்படித்தான், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். மனசுக்கு என்ன கேடு, அது நன்றாகத்தான் இருந்தது. உடம்புதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டில் கணவரிடம்தான் கொட்டித் தீர்ப்பாள். அவர் வெல்டிங் பட்டறைக்காரர், இயல்பிலேயே வாய் திறக்காதவர். இன்றைக்கு எவன் என்ன சொன்னான், தான் என்ன திருப்பிக் கொடுத்தாள் என்று அவள் பொரிய, அவர் தலையை ஆட்டிக்கொண்டே தட்டைக் காலி செய்வார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. அந்த வருஷம் ஒரு மாத்திரை இரண்டானது. வயசாகிறது இல்லையா என்று அதற்கும் ஒரு தலையாட்டல். இவருக்காவது என் கை பிடிக்கிறதே என்று அவளுக்கு ஒரு ஆறுதல்.

ஒருநாள் காலை போய்ப் பார்த்தால், அண்டாவுக்கு மேலே ஆணியடித்து ஓர் அளவுக் கரண்டி சங்கிலியில் தொங்கியது. மேலாளர் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். மாதக் கடைசிவரை பார்ப்பாராம். புகார் நிற்காவிட்டால் அண்டாவைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு, அக்கா உட்கார்ந்து காய் நறுக்கலாமாம்.

அவமானத்தில் அவளுக்கு உடம்பு பற்றியெரிந்தது. வீம்புக்கு அந்தக் கரண்டியாலேயே அளந்து போட்டாள். நக்கிப் பார்த்தாள். வெறும் வெந்நீர். பொறுக்க முடியாமல் இன்னும் ஒரு பிடியை அள்ளிப் போட்டாள். அன்று மதியம் ஒரு ஷிஃப்டுக்கான சூப் முழுவதும் சாக்கடைக்குப் போனது. கொட்டிவிட்டு நிமிர்ந்தவள் அங்கேயே விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸும் உப்புநீரும் ஏற்றி, ஊசி போட்டுக் கண் திறக்க வைத்தார்கள். சுரப்பிகளைப் பார்க்கும் மருத்துவர் அம்மா வந்து அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ரேகையெல்லாம் மை தடவினது போல் கறுத்திருந்தது. ஈறும் கறுப்பு.

"உப்பு ரொம்பத் தேடுதாம்மா?" என்றார்.

இந்த ஒரு வருஷத்தில் எல்லோரும் உப்பைப் பற்றி அவளைத் திட்டியிருக்கிறார்கள். கேட்டது இவர் ஒருவர்தான். ஆமாம் என்று அக்கா வேகமாகத் தலையாட்டினாள்.

சிறுநீரகங்களின் தலையில் ஆளுக்கொரு தொப்பி வைத்தாற்போல் அட்ரீனல் என்று சின்னச் சுரப்பிகள் இருக்கின்றனவாம். அவை சுரக்கும் ஹார்மோன்கள் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போய் வேலை வாங்கும். ஒன்று, உப்பு சிறுநீரில் ஓடிவிடாமல் பிடித்து வைக்கும். இன்னொன்று, காய்ச்சலோ அடியோ அலைச்சலோ எது வந்தாலும் தாங்கத் தெம்பு கொடுக்கும். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவலே ஆள் தெரியாமல் அவளுடைய சுரப்பிகளை அடித்துப் பாழாக்கியிருந்தது. உப்பு ஒழுகியது, ஈடுகட்ட நாக்கு உப்புக்குப் பறந்தது. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று இன்னொரு சுரப்பி. கீழே ஹார்மோன் குறைந்தால் சுரக்கச் சொல்லி ஆணை அனுப்பும், போதுமானதும் அடங்கும். இங்கே ஆணையை நிறைவேற்ற ஆளில்லை. அது விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த ஆணை ஹார்மோன் மிதமிஞ்சினால் தோலும் கறுக்குமாம்.

"எங்க மேலாளர் மாதிரி," என்றாள் அக்கா.

மருத்துவர் சிரித்தார். "உங்க நாக்கு பொய் சொல்லலம்மா. உங்க உடம்புக்கு அது கேட்டது சரிதான். ஊருக்குத்தான் அது சரியில்ல."

ஆயுசுக்கும் மாத்திரை. நிறுத்தவே கூடாது, காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். இது என்ன தலையெழுத்து என்று அதற்கும் எரிந்து விழுந்தாள். ஆனால் சில வாரங்களில் தலைசுற்றல் நின்றது, சோறு இறங்கியது. மேலாளர் அரைமனசோடு ஒருநாள் அண்டாவைக் கொடுத்துப் பார்த்தார். கையாலேயே அள்ளிப் போட்டாள். தட்டுகள் எல்லாம் காலியாகத் திரும்பின. பேக்கிங்காரர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் பறந்து வந்தாள். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை திரும்பி வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே, அவர் தட்டிலிருந்த ஊறுகாயை விரலால் தொட்டு வாயில் வைத்தாள்.

ஓடிப்போய்த் துப்பினாள். உப்பளத்தை நக்கினது போலிருந்தது. உடம்பு கெட்டிருந்தபோது அவளே போட்ட ஊறுகாய், ஜாடியில் முக்கால்வாசி தீர்ந்திருந்தது. ஊறுகாய் மட்டுமா? ஒரு வருஷச் சாப்பாடும் இந்தக் கைதானே. அவருடைய இரண்டாவது மாத்திரை ஞாபகம் வந்தது.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நீங்க என்ன மரமா?"

அவர் நிதானமாக மென்று விழுங்கினார். "ஊரே சொல்லுச்சு. நீ ஊரோட சண்ட போட்டுட்டு இங்கதானே வந்த. நானும் சொல்லியிருந்தா நீ எங்க போவ?"

அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது கோபம்தான். தன்மேல், அவர்மேல், அந்த மிளகளவு மூளை இல்லாத சுரப்பிமேல். ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். அவர் தட்டையும் இழுத்துக்கொண்டு, உப்பே போடாமல் இரண்டு முட்டையைப் பொரித்து வந்து முன்னால் வைத்தாள்.

அவர் ஒரு வாய் வைத்தார். வழக்கம்போல் தலையை ஆட்டப் போனார்.

"ஆட்டாதீங்க," என்றாள். "வாயத் தொறந்து சொல்லுங்க."

"உப்பு இல்ல," என்றார்.

"இனிமே அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.