கடைசிப் பெட்டி வந்ததும் ஆடும் படம்

சத்திரம் பேருந்து நிலையம் அருகே போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அந்தப் பெரியவருக்குக் காது நிறைய நரைமுடி. பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருந்த எனக்கு, இளவயதில் ஸ்ரீரங்கத்தில் ஃபிலிம் மூவி கேமராவில் தாம் எடுத்த மீட்டர் கேஜ் ரயில்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். அந்த ரயில்கள் இப்போது இல்லை. ஒவ்வொன்றிலும் கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக்கொடி நீட்டியதும் படம் கிடுகிடுவென ஆடியது.

“ஏங்க அங்க மட்டும் ஆடுது?”

“கார்டு கொடி காட்டுறாருல்ல? பதிலுக்கு நாம கை காட்ட வேணாமாங்க?” என்றவர், திரையைப் பார்த்து இப்போதும் கையசைத்தார்.

என் அப்பா அந்த ரயில்களில் கார்டாக இருந்தவர். “வெறும் வயலுக்குக் கொடி காட்டியே சர்வீஸ் முடிஞ்சுபோச்சு” என்று கடைசிவரை அலுத்துக்கொண்டார்.

அப்பா சார்பிலும் சேர்த்து நன்றி சொன்னேன். படம் ஆடியதற்குப் போய் நன்றியா என்று பெரியவர் விழித்தார்.