செல்வி போட்ட பதினாலு கையெழுத்து

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டும். ஏசியில் தரையின் குளிர் பாதத்தில் ஏறும்...

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை. நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். அந்த அறையைப் பார்த்துக்கொண்டவள் செல்வி. எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியைச் சேர்ந்தவள். இரண்டு வருடமாகத் தற்காலிக ஊழியர்.

சர்வரில் ஓடியது விலைக்கு வாங்கிய யூனிக்ஸ் மென்பொருள். அதற்கு வருடா வருடம் சப்போர்ட் கட்டணம் வேறு. செல்வியின் வருடச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு!

பிரிண்டர் நின்றால் உடனே பெங்களூருக்கு போன் போட வேண்டும் என்பது விதி. என்ஜினியர் ரயிலேறி வந்து சேர மதியம் ஆகும். அதுவரை பில் இல்லாமல் லாரிகள் கேட்டில் நிற்கும். போனைப் போட்டுவிட்டு செல்வி காத்திருக்க மாட்டாள். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து, யூனிக்ஸ் மாதிரியே இயங்கும் இலவச லினக்ஸைப் போட்டு வைத்திருந்தாள். புரியாததை இமெயில் குழுவில் கேட்பாள். முகம் தெரியாத யாரோ பொறுமையாகப் பதில் எழுதுவார்கள். அங்கே கற்றதை வைத்து இங்கே சரிசெய்துவிடுவாள்.

என்ஜினியர் வருவார். கேன்டீனில் சாப்பிடுவார். "வந்ததுக்கு ஒரு சைன் போட்டுடுங்க மேடம்" என்று சர்வீஸ் ரிப்போர்ட்டை நீட்டுவார். பழுது நீக்கப்பட்டது என்று அவரே எழுதியிருப்பார். செல்வியும் போட்டுவிடுவாள்.

"அத்தன தூரம் வந்தவர வெறுங்கையோட அனுப்பறதுங்களாண்ணா?" என்பாள் என்னிடம்.

சப்போர்ட் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் மேனேஜரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"லினக்ஸுக்கு மாறிடலாங்க சார். காசே இல்லீங்க. சப்போர்ட்ட நான் பாத்துக்கறேன். என்னைய பர்மனென்ட் பண்ணுனாப் போதுங்க."

"சும்னே ஃப்ரீயா கொடுக்கறவன்கிட்ட நாளைக்கு ரிப்பேர்னா யார்மா சண்டை போடறது?" என்று சிரித்தார். பிறகு ஃபைலைத் திறந்தார். "பதினாலு தடவை கோளாறு. பதினாலும் அவங்கதான் சரி பண்ணிருக்காங்க. கீழ யார் சைன்?"

செல்வி குனிந்து தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் செல்விதான் சார் பண்ணாங்க" என்றேன்.

"அப்ப பொய் சைன் போட்டாளா?"

அந்த மாதம் சப்போர்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். செல்வியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

இன்று எங்கு பார்த்தாலும் லினக்ஸ்தான்... போன மாதம் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். இலவசமாகக் கிடைக்கும் அதற்கும் லட்சக்கணக்கில் சப்போர்ட் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். சர்வர் நின்றபோது ஓடி வந்து சரிசெய்தவள், கழுத்தில் தற்காலிக அட்டை தொங்கிய ஒரு பெண்.

"எத்தனை வருஷமா இருக்கம்மா?"

"ஆறு வருஷம் அங்கிள்."

"பர்மனென்ட் ஆகலையா?"

கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பட்ஜெட் எல்லாம் சப்போர்ட்டுக்கே போயிடுதாம்."