கடுகிலும் சிறிய ஜல்லி

சித்தப்பா செயற்கைப் பல் செட் செய்பவர். நாள் முழுக்க ஊரார் கடைவாயோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பினால், சட்டையைக்கூட மாற்றாமல் பின்னறைக்குள் போய்விடுவார். அங்கே அறையை அடைத்துக்கொண்டு ஒரு மேசை, அதன்மேல் குட்டித் தண்டவாளம். பொம்மை ரயில் என்று சொன்னால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். மாடல் ரயில்.

பாக்கி இருந்தது தண்டவாளத்தில் கொட்டும் ஜல்லி மட்டும்தான். அதில்தான் சிக்கினார்.

"கடுகைக் கொட்டிட்டு வேற வேலையப் பாருங்களேன்," என்றாள் சித்தி.

"இந்த ரயில்ல ஏறுற மனுஷன் இத்துனூண்டு. அவனுக்குக் கடுகு பாறாங்கல்லுடி."

முதலில் டீத்தூளை ஒட்டினார். பசைத்தண்ணீர் பட்டு நாலு நாளில் பூஞ்சை பிடித்தது. தண்டவாளத்துக்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது.

சித்திக்கோ தையல் மெஷின் வைக்க இடம் வேண்டும். இப்போது அது கிடப்பது படுக்கையறையில்; அதில் இடித்துக்கொள்ளாத முழங்கால் எங்கள் வீட்டில் இல்லை. ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க கை படாம ரயில் ஒரு சுத்து ஓடணும். இல்லேன்னா மேசை பரணுக்கு, மெஷின் இங்க."

சித்தப்பா ஆற்றங்கரைக்குப் போய்க் கறுப்பு மணல் அள்ளிவந்தார். சிரிஞ்சால் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டினார். மழை இப்போதுதான் விட்ட ஸ்டேஷன் மாதிரி அப்படியொரு அழகு.

ஞாயிறன்று எஞ்சின் பாதி வட்டத்தில் முனகி நின்றது. கவிழ்த்துப் பார்த்தால் மோட்டாரெல்லாம் மணல். மணலில் இரும்புத்துகள், மோட்டாரில் காந்தம். ஒட்டுமுன் ஒரு காந்தத்தைக் காட்டிப் பார்த்திருக்கலாம். நிறத்தில் மயங்கிவிட்டார்.

"மேசையைத் தூக்கலாமா?"

"ஒரு வாரம் குடு, ராசாத்தி."

"காரியம் ஆகணும்னா மட்டும் ராசாத்தி!" என்றாலும் கொடுத்தாள்.

மோட்டாரைத் துடைத்து, தண்டவாளத்து மணலை நனைத்து ஸ்பூனால் சுரண்டி எடுத்தார். மறுநாள் வேலையிடத்திலிருந்து ஒரு பை நிறைய ஏதோ கொண்டுவந்து கவிழ்த்தார். பல் செட்டுக்காக எடுத்து, வேலை முடிந்து தூக்கிப்போட்ட தாடை அச்சுகள். கல் போல இறுகிய பிளாஸ்டர் மாவு, மங்கிய மஞ்சள்.

"அய்யே, யார் யார் வாயோ!"

"வாய் இல்லடி, வெறும் அச்சு."

சித்தி ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். "இது நம்ம வீட்டு ஓனர் இளிக்கிற மாதிரியே இல்ல?"

"அவரேதான். அவரைத்தான் மொதல்ல உடைக்கப்போறேன்."

சுத்தியலால் நொறுக்கி, டீ வடிகட்டியில் சலித்து, காந்தத்தை மேலே ஓட்டினார். ஒரு துகள்கூட அசையவில்லை. அதன்பிறகே ஒட்டினார்.

அடுத்த ஞாயிறு எஞ்சின் கிளம்பியது. வளைவில் கொஞ்சம் தயங்கியது. சித்தப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டார். சித்திதான், தன்னை அறியாமல், "வா, வா, வந்துரு" என்று முணுமுணுத்தாள். வந்துவிட்டது.

"சரி, ரூம் உங்களுக்கே," என்றாள். "மெஷின் ஹாலுக்கு. சோபா வராண்டாவுக்கு. வர்றவங்க நின்னுக்கிட்டே பேசட்டும்."

சித்தப்பா போய் சோபாவின் ஒரு முனையைத் தூக்கினார்.