வருத்தத்துக்கு ஒரு புத்தகம்

அன்றைக்கு மழை இல்லை, பனிமூட்டம் மட்டும்தான். ஆனாலும் மாலை நாலரை மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சின்னக் கிளை நூலகத்தில் அப்போது நான் நூலகராக இருந்தேன். வாசலில் ஒரு பெண் நின்று, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் படங்கை அவிழ்த்து மடித்துச் செருப்பின்மேல் வைத்தார். பிறகு கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொண்ட வாசகர் அந்த நூலகத்தில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பஜ்ஜி எண்ணெயோடு செய்தித்தாளைப் புரட்டுகிறவர்கள். அதனாலேயே எனக்கு அவரைப் பார்த்த உடனே பிடித்துப்போனது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. நான் கோயமுத்தூர்க்காரன். நல்ல இலக்கியம் படித்தவன் என்ற கர்வம் எனக்குத் தலைக்கு மேல் இருந்தது. நாவல்களையும் கவிதைகளையும் நுழைந்ததும் கண்ணில் படுகிற மேல் அலமாரிகளில் வைத்திருந்தேன். சமையல், ராசிபலன், மனையடி சாஸ்திரம், உடல்நலம், உருளைக்கிழங்குப் பயிருக்கு வரும் நோய்கள் எல்லாம் செய்தித்தாள் மேசைக்குப் பின்னால் கீழ்த் தட்டில் கிடந்தன. அவற்றை எடுக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். குனிந்து எடுக்கட்டுமே என்றுதான் வைத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் மிச்சமில்லை.

அந்தக் கீழ்த் தட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் கருகிப்போன உருளைச் செடி இலை ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, புத்தகத்தில் இருந்த படத்தின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இதேதானுங்க, இதேதான்" என்று ஏதோ தொலைந்த மாட்டைக் கண்டுபிடித்த மாதிரி சந்தோஷப்பட்டார். தனியாக ஒரு அறையில் தங்கியிருந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் சமையல் புத்தகங்களை மட்டுமே எடுப்பார். "நான் ஒருத்திதானுங்க சார், சமைக்கறதெல்லாம் இல்ல. பத்துப் பேருக்குன்னு போட்டிருக்கும் பாருங்க, அதப் படிச்சாச் சாப்பாடு எறங்குது" என்று ஒருநாள் சொன்னார். அதையெல்லாம் நான் சிரிப்புக் கதையாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படங்கை மடித்து வைத்த அந்த அம்மாவை நான் மனதுக்குள் ஸ்டோர் அம்மா என்று அழைத்தேன். உறுப்பினர் படிவம் எழுதும்போது கணவரின் வேலையைக் கேட்டேன். "ஸ்டோருல வேலைங்க சார்" என்றார். மளிகைக் கடை என்று எழுதப் போனேன். "கடை இல்லீங்க, தேயில அரைக்கிற ஸ்டோரு" என்று திருத்தினார். பத்து வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர் அவர். அங்கே தேயிலை ஃபேக்டரிக்கு ஸ்டோரு என்றுதான் பெயர். இங்கே வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குள் அந்தப் பேச்சு அப்படியே இருந்தது. ஒரு புதுச் சொல் கிடைத்த மகிழ்ச்சியில் அதை என் டைரியில்கூட எழுதிவைத்தேன். இவர்களுடைய சொல்லுக்கு வேறு பொருள் இருக்கலாம் என்பதை அதிலிருந்து கற்றுக்கொண்டேனா என்றால், இல்லை.

படிவம் எழுதி முடித்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "சார், வருத்தத்துக்குப் பொஸ்தகம் இருக்குங்களா? எங்க வீட்டுக்காரருக்கு. ரொம்ப நாளா வருத்தமா இருக்காரு. சரியாச் சாப்பிடறதில்ல, மெலிஞ்சுட்டே போறாரு. சாயங்காலமானா அப்படியே சுருண்டு படுத்துக்கறாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு. அச்சுல இருந்தா நம்புவாரு."

நான் நெகிழ்ந்துபோய்விட்டேன். துக்கத்துக்கு மருந்தாகப் புத்தகம் கேட்டு ஒரு தொழிலாளிப் பெண் வந்திருக்கிறார். இத்தனை வருட வேலையில் இப்படி ஒருவருக்காகத்தானே காத்திருந்தேன் என்று தோன்றியது. என்ன வருத்தம் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஒரு குடும்பத்தின் துக்கத்துக்குக் காரணம் கேட்பது நாகரிகம் இல்லை என்று நிறுத்திக்கொண்டேன். அந்த நாகரிகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மேல் அலமாரியிலிருந்து, மகனை ஆற்று வெள்ளத்தில் இழந்த ஒரு தாய் மெல்ல மெல்லத் தேறி வருகிற நாவலை எடுத்துக் கொடுத்தேன். நான் மூன்று முறை படித்து அழுத நாவல் அது. "மெதுவாப் படிங்கம்மா, நல்ல பலன் இருக்கும்" என்றும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். புத்தகத்துக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தார். நாலாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஒரு பக்கம் படிக்கப் பத்து நிமிடம் ஆகிறதாம். வேலை முடிந்து வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாராம், கணவர் படுத்தபடி கேட்பாராம். "பாதி வரைக்கும் வந்துட்டோம் சார். அதப் பத்தி ஒண்ணும் வரலீங்களே" என்றார். அவசரமாக ஆறுதல் தேடுகிறார் என்று நினைத்தேன். "அவசரப்படாதீங்கம்மா. கடைசி வரைக்கும் படிங்க, அங்கதான் இருக்கு" என்றேன். எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் தெரியுமா! டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிற தோரணையில் சொன்னேன்.

முதல் நாவல் முடிந்ததும் அதை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று மறுபடி பதிந்துகொண்டு போனார். பிறகு இரண்டாவது கொடுத்தேன், மூன்றாவதும் கொடுத்தேன். நடுவில் ஒருநாள் அவர் முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. அந்தத் தாய் பல நாளுக்குப் பிறகு ஒரு வாய் சோறு எடுத்துச் சாப்பிடுகிற இடத்தைப் படித்தபோது, கணவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கும் கொஞ்சம் கஞ்சி ஊத்து" என்று கேட்டாராம். அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. இலக்கியம் என்ன செய்யும் என்று கேட்கிறவர்களிடம் சொல்ல எனக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. அந்தக் கஞ்சி உண்மைதான். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை, இப்போதும்.

அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் அவர் வரவில்லை. தோட்டத்து ஜீப் டிரைவர் ஒருவர், துப்பறியும் நாவல் வாங்க வருகிறவர், ஒருநாள் போகிற போக்கில் சொன்னார்: "ஃபேக்டரியில சார்ட்டிங் ரூம்ல இருந்தாரே, இங்க பொஸ்தகம் எடுக்கற அந்தம்மா வீட்டுக்காரரு, அவரு எறந்துட்டாருங்க. ரத்த ரத்தமா வாந்தி. கோயமுத்தூர் கொண்டுபோயும் ஒண்ணும் முடியல. டி.பி.யாம். முத்திப்போச்சாம்." சார்ட்டிங் ரூம் என்பது அரைத்த தேயிலையைச் சலித்துப் பிரிக்கிற இடம். அங்கே எப்போதும் தூசி பறக்கும். அங்கே வேலை செய்கிற எல்லோரும் இருமுவார்கள். தூசி இருமல் என்று பெயர் வைத்து, அதை யாரும் நோயில் சேர்ப்பதில்லை. அந்த அம்மா என்னிடம் இருமலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாததற்குக் காரணமும் அதுதான். ஆனால் அதைக் கேட்ட பிறகும்கூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பாவம், துக்கமும் நோயும் சேர்ந்துகொண்டன என்றுதான் நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மூன்றாவது புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அவர் வந்தார். நான் எழுந்து நின்றேன். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றேன்.

அவர் பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தார். "எத்தன நாளா சார்? இருமுதுங்களா? சளிய டெஸ்டுக்குக் குடுத்தீங்களா? உட்டுறாதீங்க சார், இன்னிக்கே போங்க."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் அவர் முதல்நாள் கேட்டது நினைவுக்கு வந்தது. "வருத்தம்னா... சீக்கையா சொல்றீங்க?" என்று கேட்டேன். "ஆமா சார், பின்ன?" என்றார் அவர். பிறகு புத்தகத்தை மேசையில் வைத்து, அதன் அட்டையை ஒருமுறை தடவிக்கொடுத்தார். "நீங்களும் மூணு பொஸ்தகம் குடுத்தீங்க. எங்கயோ சொல்லித்தான் இருக்கும். ரெண்டு ரெண்டு தடவ படிச்சேன். எனக்குத்தான் புடிபடல. நாலாப்புப் படிச்சவளுக்கு எங்க புரியப் போகுது."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், மூடினேன். அவர் படங்கைச் சுற்றிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் போய்விட்டார். நான் நூலகத்தைப் பூட்டிவிட்டு, செய்தித்தாள் மேசைக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். நுரையீரல் நோய்களைப் பற்றி ஒரு டாக்டர் எளிய தமிழில் எழுதிய மெல்லிய புத்தகம் அங்கே இருந்தது. ஆறாவது பக்கத்திலேயே இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், பசியின்மை, உடம்பு மெலிவது என்றால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும். பெரிய எழுத்து. நாலாம் வகுப்புப் படித்தவர் அந்தப் பக்கத்தைப் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். அச்சில் இருந்தால் நம்புகிற ஒரு மனிதருக்காக அச்சடித்தே வைத்திருந்தார்கள். அந்த அம்மா நின்று பேசிய இடத்திலிருந்து அதற்கு எட்டடி தூரம்கூட இல்லை.

அதன் பிறகு வேலையில் இருந்த காலம் முழுக்க நான் ஒரு தொந்தரவு பிடித்த நூலகராக இருந்தேன். யார் எதைக் கேட்டாலும் எதற்கு, யாருக்கு, என்ன ஆச்சு என்று துருவிக் கேட்பேன். மாற்றலாகி ஊட்டிக்குப் போன பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. ரத்த சோகை பற்றிப் புத்தகம் கேட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி, நான் கேட்ட கேள்விகளில் பயந்துபோய்ப் புத்தகமே வேண்டாமென்று ஓடிவிட்டாள். உடல்நலப் புத்தகங்களை வாசலுக்கு நேரே, கண் மட்டத்தில் அடுக்கினேன். அலமாரியை மாற்றுவது சுலபம். மனிதர்களுக்கு ஆறுதலும் வேண்டும், செய்தியும் வேண்டும். எது எப்போது என்பது கேட்டால்தான் தெரியும். இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மனிதரின் உயிர் செலவாயிற்று என்று எழுதவே கை கூசுகிறது.

ஓய்வு பெற்றுக் குன்னூருக்கே திரும்பி வந்து தங்கிவிட்டேன். ஸ்டோர் அம்மாவின் கணவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் வந்து, "என்னத் தெரியுதுங்களா சார்?" என்றாள். ஸ்டோர் அம்மாவின் மகள்; சின்னப் பிள்ளையில் ஒன்றிரண்டு முறை அம்மாவோடு நூலகத்துக்கு வந்திருக்கிறாள். திருப்பூரில் வேலையாம், லீவுக்கு வந்திருக்கிறாள். அம்மா எப்படி இருக்கிறார், ஏதாவது படிக்கிறாரா என்று விசாரித்தேன். அவள் சிரித்தபடிதான் சொன்னாள். "எங்கீங்க சார். அப்பா போனதுலேர்ந்து அம்மா எதையும் படிக்கறதே இல்ல. பஸ் போர்டக்கூட யாரையாச்சும் கேட்டுத்தான் ஏறும். மாத்திரை அட்டைய என்கிட்ட நீட்டும். கேட்டா, 'சாரு சரியான பொஸ்தகம்தான் குடுத்தாரு, நான் படிக்கத் தெரியாமப் படிச்சு உங்கப்பாவ உட்டுட்டேன்'ங்கும்."

பஸ் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள். நான் ஏற வேண்டிய பஸ்ஸும் வந்து போனது. அந்த அம்மாவின் கணவர் போன குற்றம் மட்டும்தான் என்னுடையது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் தொட்ட அந்தக் கையிலிருந்து எழுத்தையும் நான் பிடுங்கியிருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டது அவருக்காக அல்ல, எனக்காகத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். ஸ்டோர் அம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. சாரு வந்திருக்காரு என்று பரபரத்து, பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். டீ வைக்கப் போனவரைத் தடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் மனத்துயரம் என்பதை, நான் கொடுத்த மூன்றும் வெறும் கதைப் புத்தகங்கள் என்பதை, அவற்றில் எந்த நோயைப் பற்றியும் ஒரு வரி கிடையாது என்பதை, சரியான புத்தகம் கீழ்த் தட்டில் இருந்தது என்பதை, அன்றைக்கே எனக்குத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டதை. அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவர் கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார்.

"அப்ப அதுல இல்லவே இல்லீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"அப்ப நான் படிச்சதுல தப்பில்லீங்களா?"

"ஒரு எழுத்துகூடத் தப்பில்லம்மா" என்றேன்.

அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். கொஞ்சம் அடங்கியதும், "நான் அவருகிட்ட தெனமும் மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன் சார், படிக்கத் தெரியலன்னு" என்றார். என்மேல் கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் உள்ளே போய் டீ வைத்தார், நான் அதைக் குடித்துவிட்டு வந்தேன்.