தென்னை மூட்டில் எறும்பு

விடிந்ததும் ரத்தினத்துக்கு முதல் வேலை, கொல்லைத் தென்னை மூட்டில் குனிந்து பார்ப்பது. ராத்திரி தான் மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்திருந்தால் அன்று முழுக்க வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

ஐம்பத்திரண்டாம் வருஷம். ரேஷன் அரிசி போதாமல் மரச்சீனி என்ற மரவள்ளிக் கிழங்கே சோறாக இருந்தது. அவளுக்குக் கல் தட்டிய கால் பெருவிரல் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. "சீனி அடங்கல்லேன்னா விரலை எடுக்கணும். விரலோட நின்னா உன் பாக்கியம்" என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் செத்த பிறகு கொட்டாரம் கடைத்தெருவுக்கு வாழைக்குலை சுமந்தே மகனை வளர்த்தவள் அவள். கால் போனால் மூலையில் கிடந்து கஞ்சிக்குக் கை நீட்ட வேண்டும்.

சீனியை அடக்கப் போடும் ஊசிக்குப் பயந்து நாட்டு வைத்தியர் சுயம்புவிடம் போனாள்.

"நான் சீனியத் தொடுகதே இல்ல வைத்தியரே, கருப்பட்டிதான். பின்ன எங்கேருந்து வருது?"

"கருப்பட்டி என்ன உனக்கு மாமன் மகனா, அதுக்குப் பரிஞ்சு பேச? நீ பட்டினி கெடந்தாலும் வரும். ஈரல் ஒரு நெல்லுப் பத்தாயம் மாதிரி, சீனியச் சேத்து வைக்கும். உனக்கு அதுக்க கதவு அடையாம ஒழுகுது. அத அடைக்கத்தான் இந்த இலை."

சிறுகுறிஞ்சான் இலை. மென்றால் இனிப்பு தெரியாமல் நாக்கு செத்துப்போகும். கருப்பட்டி வாயில் மண்ணாகக் கரையும்.

"பத்தாயத்த அடைக்கச் சொன்னா நாக்க அடைச்சுப்போட்டான் கெழவன்" என்று திட்டிக்கொண்டே தினமும் மென்றாள்.

ஒருநாள் எறும்பு இல்லை. மறுநாளும் இல்லை. இலைக்கட்டை அடுக்களை மூலையில் எறிந்தாள்.

"ஏட்டி ராஜபாய், கருப்பட்டி தட்டிப்போட்டுக் காப்பி கொண்டா."

மருமகள் தயங்கினாள். "மாமி, புண்ணு இன்னும் ஆறல்லியே."

"புண்ணு என் காலுல இருக்கு, உன் வாயில இல்ல. கொண்டா."

ஒரு வாரம் காப்பி இனித்தது. புண்ணோ நாறத் தொடங்கியது. ரத்தினத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. எறும்பு வராமல் சீனி அடங்கியிருந்தால் புண் ஏன் நாற வேண்டும்? தென்னை மூட்டில் உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"ஏட்டி, இது என்ன?"

"அடுப்புச் சாம்பல் மாமி. தென்னைக்குச் சாம்பலும் உப்பும் போடுன்னு நீங்கதானே எந்நேரமும் ஏசுவிய? போட்டுப் பத்து நாளாச்சு."

சாம்பல் கிடக்கும் இடத்தில் எறும்பு அண்டாது. நொண்டிக்கொண்டே பலாமரத்து மூட்டுக்குப் போய் ஒதுங்கினாள். பிறகு கோழியை விரட்டினாள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். திரும்ப வந்து குனிந்தாள். வெயில் ஏறுமுன் எறும்புகள் வரிசை கட்டி வந்துவிட்டன.

"வந்துட்டுதுவ, மூதிகள்."

மருமகள் நீட்டிய காப்பியை வாங்கி அவற்றின் தலையிலேயே ஊற்றினாள். "இந்தா, இதையும் தின்னுத் தொலைங்க." காலில் துணியைச் சுற்றினாள்.

"கிளம்புட்டி, ஆஸ்பத்திரிக்கு."

"ஊசி போடுவாவளே மாமி, பயமில்லியா?"

"பயந்தான். அதுக்குக் காலை அறுத்து உன் கையிலயா தர முடியும்?"

மூலையில் கிடந்த இலைக்கட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். ஊசியோடு இதையும் தின்னலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். மருமகள் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, பஸ் நிற்கும் இடம்வரை தன் காலிலேயே நடந்தாள்.